'மற்றும் பலர்' மேல ஒரு கேஸ்!

இந்த வாரம் உவரியில இருந்து எழுதுறேன். செமஸ்டர் லீவு. ஒரு பக்கம் கப்பல் மாதா கோயில், இன்னொரு பக்கம் கட்டுமரம், நடுவுல நான், என் நோட்டு, ரெண்டு கருப்பட்டி மிட்டாய். ஜாலியா ஏதாச்சும் எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா மாட்டுனது ஒரு சீரியஸ் மேட்டர். கடைசி வரை படிங்க, உங்களுக்கும் ஒருநாள் உதவும்.

முதல்ல ஒரு கேள்வி. உங்க ஹாஸ்டல் மெஸ்ல சாம்பார்ல புழு. முந்நூறு பேர் எந்திரிச்சு கத்துறாங்க. தட்டு பறக்குது. கண்ணாடி உடையுது. மறுநாள் காலைல நிர்வாகம் என்ன செய்யும்?

உங்களுக்கே தெரியும் பாஸ். மூணே மூணு வழிதான். ஒண்ணு, முந்தின நாள் "நாம எல்லாரும் சேர்ந்து கேட்கணும்"னு மைக் பிடிச்சுப் பேசின சீனியரை சஸ்பெண்ட் செய்யும். அவர் அன்னிக்கு மெஸ்லயே இல்லைன்னாலும் சரி. ரெண்டு, கேமராவுல முகம் தெரிஞ்ச ஆறு பேருக்கு மெமோ. மூணு, உடைஞ்ச கண்ணாடிக்கு ஹாஸ்டல் முழுக்க ஆளுக்கு இவ்வளவுன்னு ஃபைன். அன்னிக்கு காய்ச்சல்ல படுத்துக் கிடந்தவனுக்கும் சேர்த்து!

பேசினவன், மாட்டினவன், சும்மா இருந்தவன். கூட்டம் தப்பு பண்ணா தண்டனை இந்த மூணு பேருக்கும் பங்கு போகும். 'இதுல என்ன புதுசு?'ன்னு கேட்கிறீங்களா? புதுசு ஒண்ணும் இல்ல. 1908-ல திருநெல்வேலியில வெள்ளைக்கார அரசாங்கம் செஞ்சதும் அச்சு அசல் இதேதான்.

மார்ச் 13, 1908

வ.உ.சி.ன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? கப்பல். செக்கு. பத்தாங்கிளாஸ்ல அஞ்சு மார்க் கேள்வி. அவ்வளவுதான். ஆனா அவரைக் கைது பண்ண மறுநாள் ஊர்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா பாதி பேருக்குத் தெரியாது.

அப்போ தூத்துக்குடி திருநெல்வேலி ஜில்லாவுலதான் இருந்துச்சு. அங்க கோரல் மில்லுல 1908 பிப்ரவரி கடைசியில தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. கூலி உயர்வு கேட்டு. அவங்களுக்குப் பின்னாடி நின்னது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். தொழிலாளிங்க ஜெயிச்சாங்க. கலெக்டர் விஞ்சுக்கு அது பிடிக்கல. அடுத்து வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் ஜெயில்ல இருந்து விடுதலை ஆனதைக் கொண்டாட ஊர்வலம், கூட்டம். அதுவும் பிடிக்கல. மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூணு பேரும் கைது.

மறுநாள் திருநெல்வேலி பொங்கிருச்சு. கடைகள் சாத்தினாங்க. காலேஜ் பசங்க வகுப்பை விட்டு வெளியே வந்தாங்க. ஆமா மக்கா, நம்ம வயசுப் பசங்கதான். நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் ஸ்டேஷன், முன்சீப் கோர்ட்னு அரசாங்கத்தோட முகமா எதெல்லாம் ஊருக்குள்ள நின்னுச்சோ அதெல்லாம் தாக்கப்பட்டுச்சு. பேப்பர், ஃபைல், மேஜை நாற்காலி எல்லாம் தீயில. நகராட்சியோட மண்ணெண்ணெய் கிடங்குலயும் நெருப்பு. போலீஸ் சுட்டதுல நாலு பேர் செத்தாங்க.

தூத்துக்குடியில கோரல் மில் தொழிலாளிங்க மறுபடியும் வேலையை நிறுத்தினாங்க. இந்தத் தடவை கூலிக்காக இல்ல, ஜெயில்ல இருக்கிற தலைவர்களுக்காக. பம்பாய்ல திலகருக்காக மில் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் செஞ்சது அதே வருஷம் ஜூலையில. நம்ம ஊர் அதுக்கு நாலு மாசம் சீனியர்! காலரைத் தூக்கி விட்டுக்கோங்க.

சரி, இப்போ தண்டனை கணக்குக்கு வருவோம்.

பேசினவனுக்கு 40 வருஷம்

வ.உ.சி. மார்ச் 13-ஆம் தேதி எங்க இருந்தார்? ஜெயில்ல. ஒரு கல்லைக்கூட அவர் எறிஞ்சிருக்க முடியாது. அதனால அவர் மேல போட்டது கலவர வழக்கு இல்ல, பேச்சு வழக்கு. இந்திய தண்டனைச் சட்டம் 124ஏ, ராஜ துரோகம். 1870-ல சட்டத்துக்குள்ள நுழைஞ்ச பிரிவு.

விசாரிச்சவர் கூடுதல் செஷன்ஸ் ஜட்ஜ் பின்ஹே. 1908 ஜூலை 7-ல தீர்ப்பு. பேசினதுக்கு ஒரு ஆயுள் தண்டனை, அதாவது 20 வருஷம் நாடு கடத்தல். சிவாவுக்கு உடந்தையா இருந்ததுக்கு இன்னொரு 20 வருஷம். சிவாவுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்ததுகூட உடந்தைக் கணக்குல வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, ரூம்மேட்டுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தா உடந்தை! ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணுன்னு சொன்னதால மொத்தம் 40 வருஷம். அப்போ வ.உ.சி.க்கு வயசு 35. சிவாவுக்கு 10 வருஷம்.

மேல்முறையீட்டுல அது 6 வருஷமா குறைஞ்சது. கோயமுத்தூர், கண்ணனூர் ஜெயில்னு கழிச்சு 1912 டிசம்பர்ல வெளியே வந்தார்.

கதை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. வக்கீல் சன்னது போச்சு. கம்பெனி போச்சு, கப்பலும் போச்சு. வெளியே வந்தவருக்கு சம்பாதிக்கத் தெரிஞ்ச ஒரே தொழிலை செய்ய அனுமதி இல்ல. பல வருஷம் கழிச்சு அந்த சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் வாலஸ்னு ஒரு வெள்ளைக்கார நீதிபதி. நன்றிக்கு வ.உ.சி. தன் பையனுக்கு வாலேஸ்வரன்னு பேர் வச்சார். சிவா ஜெயில்ல இருந்து தொழுநோயோட வந்தார். 1925-ல பாப்பாரப்பட்டியில இறந்தார்.

தீர்ப்புல எழுதாத தண்டனைன்னு ஒண்ணு உண்டு. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

மாட்டினவனும் சும்மா இருந்தவனும்

ரெண்டாவது வகை, தெருவுல இருந்தவங்க. கலவரம், தீ வைப்பு, அரசாங்கச் சொத்துக்குச் சேதம்னு தனித்தனியா வழக்கு. பிடிபட்டவங்க விசாரணைக்குப் போனாங்க, பலர் ஜெயிலுக்குப் போனாங்க. அவங்களுக்கு சிலை இல்ல, தபால்தலை இல்ல. வ.உ.சி. பேர்ல காலேஜ் இருக்கு, துறைமுகம் இருக்கு. மார்ச் 13-ல குண்டு பட்டுச் செத்த நாலு பேர்ல ஒருத்தர் பேராவது உங்களுக்குத் தெரியுமா? சத்தியமா எங்க பாடப் புத்தகத்துல நான் பார்த்ததில்ல.

இந்த சாதாரண ஜனங்களைத் தேடி ஆவணக் காப்பகங்களுக்குள்ள போனவர் ஆ.இரா.வேங்கடாசலபதி. 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'ங்கிற அவரோட புத்தகத்துக்குத்தான் 2024-ஆம் வருஷத்து சாகித்ய அகாடமி விருது. லைப்ரரியில இருந்தா எடுத்துப் படிங்க. கேட் எக்ஸாம் கைடுக்குப் பக்கத்துல வச்சா கெட்டுப் போகாது.

மூணாவது வகைதான் ஹைலைட். ஊருக்குள்ள தண்டக் காவல்படையை நிறுத்திட்டு, அந்தச் செலவை ஊர்க்காரங்க தலையிலயே வரியா கட்டுனாங்க. கல் எறிஞ்சவன், எறியாதவன், வீட்டுக்குள்ள கதவைச் சாத்திட்டு இருந்தவன், எல்லாரும் கட்டணும். ஜனங்க அதுக்கு வச்ச பேர் 'திமிர் வரி'. நெல்லைக் குசும்பு அப்பவே இருந்திருக்கு!

சீமையிலயும் இதே கதைதான்

'வெள்ளைக்காரன் நம்மளை அடிமையா நினைச்சான், அதனால அப்படிப் பண்ணான்'னு சொல்லலாம். ஆனா அவன் சொந்த ஊர்லயே, சொந்த ஜனத்துக்கே இதைத்தான் செஞ்சிருக்கான். 1381-ல இங்கிலாந்து விவசாயிகள் எழுச்சி. கொஞ்சம் ரீவைண்ட் பண்ணுவோம்.

பிரான்ஸோட நீண்ட நாள் சண்டை, கஜானா காலி. அதனால தலைக்கு இவ்வளவுன்னு வரி. 15 வயசுக்கு மேல இருந்தா ஆளுக்கு 12 பென்ஸ். நாலு வருஷத்துக்குள்ள மூணாவது தலைவரி அது. மே கடைசியில எசெக்ஸ்ல ஆரம்பிச்ச கோபம், ஜூன் 13-ல லண்டனுக்குள்ள வந்துருச்சு. ராஜா ரெண்டாம் ரிச்சர்டுக்கு வயசு 14. நம்ம கணக்குல ஒன்பதாங்கிளாஸ் பையன்.

ஜனங்க முதல்ல எதைக் கொளுத்தினாங்க தெரியுமா? ஏடுகளை. பண்ணை நீதிமன்றப் பதிவேடுகள். 'நீ அடிமை, உன் பையனும் அடிமை, இவ்வளவு நாள் சும்மா உழைக்கணும்'னு எழுதி வச்ச தோல் சுருள்கள். கேம்பிரிட்ஜ்ல பல்கலைக்கழக ஆவணங்களையே சந்தைத் திடல்ல போட்டு எரிச்சாங்க. ஒரு வயசான அம்மா அந்தச் சாம்பலை அள்ளிக் காத்துல தூவினதா சொல்வாங்க. அரியர் வச்ச யாருக்கும் அந்தப் பாட்டியைப் பிடிக்கும்! 1908-ல முன்சீப் கோர்ட்டும் நகராட்சி ஆபீஸும் எரிஞ்சதை இதுகூட வச்சுப் பாருங்க. கடனும் வரியும் வழக்கும் எந்தப் பேப்பர்ல இருக்குன்னு எந்த ஊர் ஜனத்துக்கும் தெரியும்.

ஆனா எல்லாமே பேப்பரோட நிக்கல. ஜூன் 14-ல ஆர்ச் பிஷப் சட்பரியையும் பொருளாளர் ஹேல்ஸையும் கூட்டம் வெளியே இழுத்து வந்து தலையை வெட்டுச்சு. அது கொலைதான். அதைப் புரட்சின்னு சொல்லி வழுக்கிட்டுப் போக முடியாது. மறுநாள் பேச்சுவார்த்தைக்கு வந்த தலைவர் வாட் டைலரை ராஜா தரப்பு ஆட்கள் வெட்டினாங்க. அதோட கூட்டம் கலைஞ்சது. ராஜா எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் ரெண்டே வாரத்துல ரத்து.

அப்புறம் வந்தது வழக்கு. தலைமை நீதிபதி ட்ரெசிலியன் ஊர் ஊரா போனார். உள்ளூர் ஜூரிகளைக் கூப்பிட்டு 'யார் யார் இருந்தாங்க, பேரைச் சொல்லு'ன்னு நெருக்கினார். இங்கதான் விஷயமே. ஆயிரக்கணக்கான கூட்டத்துல யார் என்ன செஞ்சான்னு எவனுக்குத் தெரியும்? வரப்புத் தகராறு இருக்கிறவன் பேர், கடன் கொடுக்க வேண்டியவன் பேர், பழைய பகை பேர் எல்லாம் லிஸ்டுக்குள்ள வந்துச்சு. பிரசங்கம் பண்ண ஜான் பாலுக்கு ஜூலை 15-ல மரண தண்டனை.

வருஷக் கடைசியில பார்லிமென்ட் கூடி பொது மன்னிப்பு கொடுத்துச்சு. அதுவும் ரெண்டு பக்கத்துக்கும். சட்டத்தைப் பார்க்காம ஆட்களைக் கொன்னு கலவரத்தை அடக்கின பிரபுக்களுக்கும் மன்னிப்பு! ஜனங்க பக்கம் மட்டும் சுமார் 300 பேரை 'இவங்களுக்குக் கிடையாது'ன்னு தனி லிஸ்ட் போட்டு ஒதுக்கினாங்க. ஊர் ஊரா தூக்கு கொடுத்த ட்ரெசிலியன் கதை என்ன ஆச்சு? ஏழு வருஷத்துல ராஜ துரோகின்னு பட்டம் கட்டி அவரையே தூக்குல போட்டாங்க. துரோகிங்கிற வார்த்தை யார் கையில இருக்கோ அவங்க சொல்றபடிதான் திரும்பும்.

குலசை, 1942

சரி, நம்ம கடற்கரைக்கே வருவோம். உவரியில இருந்து வடக்க குட்டம், பெரியதாழை, மணப்பாடு, அப்புறம் குலசேகரப்பட்டினம். இப்போ குலசைன்னா தசரா, இல்லேன்னா ராக்கெட். 2024 பிப்ரவரியில இஸ்ரோ ஏவுதளத்துக்கு அங்கதான் அடிக்கல் நாட்டினாங்க. எங்க கிளாஸ்ல மெக்கானிக்கல் பசங்க எல்லாரும் இப்பவே அங்க வேலை கனவுல இருக்காங்க.

1942-ல குலசைன்னா உப்பு. ஆகஸ்ட்ல 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். தலைவர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில உள்ள. வழி காட்ட ஆள் இல்லாத இளைஞர்கள் அங்கங்க அவங்களுக்குத் தோணினதைச் செஞ்சாங்க. செப்டம்பர் 20 அதிகாலையில ஒரு கூட்டம் குலசை உப்பளத்துக்குள்ள நுழைஞ்சது. நடந்த மோதல்ல லோன்னு ஒரு உப்பு அதிகாரி கொல்லப்பட்டார்.

1908-ல செத்தது நாலு ஜனங்க. இங்க செத்தது ஒரு அதிகாரி. அவரும் மனுஷன்தான். அதனால 'வழக்கே போட்டிருக்கக் கூடாது'ன்னு நான் சொல்ல மாட்டேன். கொலை நடந்தா வழக்கு நடக்கணும். கேள்வி வேற. இருட்டுல, கூட்டத்துல, யார் கை பட்டு அவர் செத்தார்? காசிராஜன், ராஜகோபாலன்னு ரெண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிச்சாங்க. இன்னும் பலருக்கு நீண்ட சிறை. பிறகு தூக்கு ஆயுளா குறைஞ்சது. ரெண்டு பேரும் உயிரோட வெளியே வந்தாங்க.

அந்தக் காலத்து சட்டச் சூழ்நிலையையும் கொஞ்சம் பாருங்க. யுத்த நேரம். 1942 ஜனவரியில கொண்டு வந்த ஒரு அவசரச் சட்டப்படி நாடு முழுக்க ஸ்பெஷல் கோர்ட்டுகள். வழக்கமான மேல்முறையீட்டு உரிமை அங்க வெட்டப்பட்டுச்சு. சாட்சி சொல்றதை முழுசா எழுத வேண்டியதில்ல, சாராம்சம் போதும். 1943 ஜூன் 4-ல ஃபெடரல் கோர்ட் 'இது செல்லாது'ன்னு அடிச்சது. அரசாங்கம் என்ன பண்ணுச்சு? மறுநாளே இன்னொரு அவசரச் சட்டம்! பழைய தண்டனை எல்லாம் செல்லும், வேணும்னா இப்போ அப்பீல் பண்ணிக்கோன்னு. ரிசல்ட் தப்புன்னு கோர்ட் சொன்ன பிறகு, கொஸ்டின் பேப்பரை மாத்தாம மார்க் ஷீட்டை மட்டும் புதுசா அடிச்சுக் கொடுத்த கதை.

நம்ம காலத்துக் கேஸ்

இதெல்லாம் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன் கதைன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. உவரியில இருந்து தெற்க போனா இடிந்தகரை, கூடங்குளம்.

2011-12-ல அணு உலை எதிர்ப்புப் போராட்டம். நான் அப்போ அரை டவுசர் போட்ட சின்னப் பையன். அணு உலை வேணுமா வேண்டாமாங்கிறது இன்னிக்கு நம்ம டாபிக் இல்ல. எங்க டிபார்ட்மென்ட்லயே அதுக்கு ரெண்டு கட்சி உண்டு, டீக்கடையில வச்சுக்கலாம். டாபிக், வழக்கு. 2012 செப்டம்பர் 10-ல இடிந்தகரை கடற்கரையில போலீஸ் கூட்டத்தைக் கலைச்சது. அதே நாள் மணப்பாட்டுல துப்பாக்கிச் சூடு, ஒரு மீனவர் செத்தார். வழக்குகள் குவிஞ்சது. ஆயிரக்கணக்கானவங்க மேல அதே பழைய 124ஏ. 1908-ல வ.உ.சி. மேல போட்ட அதே நம்பர்!

பல எஃப்.ஐ.ஆர்.ல சில பேர்களை எழுதிட்டு கடைசியில ரெண்டு வார்த்தை போட்டிருப்பாங்க: 'மற்றும் பலர்'. இந்தப் 'பலர்'ல யார்? யார் வேணும்னாலும். திமிர் வரி ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட அதுதான். வரிக்குப் பதிலா வழக்கு.

2013 மே 6-ல கூடங்குளம் வழக்குல தீர்ப்பு சொன்ன சுப்ரீம் கோர்ட், உலைக்கு அனுமதி கொடுத்துச்சு. கூடவே, அந்தப் பகுதியில அமைதி திரும்ப போராட்டக்காரர்கள் மேல இருக்கிற கிரிமினல் வழக்குகளை எல்லாம் வாபஸ் வாங்க முயற்சி எடுக்கணும்னும் சொல்லுச்சு. அதுக்குப் பிறகு பகுதி பகுதியா வாபஸ் ஆச்சு.

பகுதி பகுதியான்னா என்ன அர்த்தம்? வலை பின்னிக்கிட்டு இருந்த எங்க பெரியப்பாகிட்ட கேட்டேன்.

"என்னலே மக்கா, பத்திரிகையில எழுதப் போறியாமே? அப்போ நம்ம அந்தப் பக்கத்து ஊர்ப் பையன் கதையை எழுது."

அந்த அண்ணன் கப்பல் வேலைக்குப் படிச்சவர். ஆஃபர் கையில. பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்குப் போனா, 'உன் பேர்ல கேஸ் இருக்கே'ன்னு சொல்லிட்டாங்க. அண்ணன் அந்த நேரத்துல வெளியூர்ல ஹாஸ்டல்ல இருந்தவர். பேர் ஒண்ணு, அப்பா பேரும் ஒண்ணு, ஆள் வேற! எங்க கடற்கரையில 'அந்தோணி'ன்னு ஒரு குரல் கொடுத்தா பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அந்தோணியார் கோயில் இருக்கிற ஊர், பின்ன என்ன பேர் வைப்பாங்க? லிஸ்டுல இருந்த அந்தோணி தான் இல்லைன்னு நிரூபிக்க அவருக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. வக்கீல் ஃபீஸ், அலைச்சல். நிரூபிச்சார். பாஸ்போர்ட் வந்துச்சு. கப்பல் போயிருச்சு.

"கோர்ட்டு அவனை ஒண்ணும் செய்யலலே. விசாரிக்கக்கூட இல்ல. ஆனா தண்டனை முடிஞ்சு போச்சு" என்றார் பெரியப்பா, ஊசியைக் கோத்துக்கிட்டே.

வ.உ.சி.யோட சன்னது ஞாபகம் வந்துச்சு எனக்கு.

தெரிஞ்சு வச்சுக்கோங்க பாஸ்

கோபப்பட்டுப் போராடாதீங்கன்னு சொல்ல நான் யார்? மில் தொழிலாளிங்க கேட்டதாலதான் கூலி ஏறுச்சு. ஆனா கூட்டத்துல நிக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தெரிஞ்சிருக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. ஒரு வக்கீல் அக்காகிட்ட ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுட்டு வந்தேன்.

ஒண்ணு. அஞ்சு பேர் அல்லது அதுக்கு மேல, சட்டம் தடுக்கிற ஒரு பொது நோக்கத்தோட கூடினா அது 'சட்டவிரோதக் கூட்டம்'. அந்த நோக்கத்துக்காக ஒருத்தன் செஞ்ச குற்றத்துக்கு கூட்டத்துல இருந்த எல்லாருமே பொறுப்பாகலாம். பழைய தண்டனைச் சட்டத்துல 149, 2024 ஜூலை 1-ல வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 190. "நான் சும்மாதான் நின்னேன்"ங்கிறது எப்பவும் காப்பாத்தாது. பக்கத்துல நிக்கிறவன் கல்லை எடுத்தா, அங்க இருந்து நகர்றது கோழைத்தனம் இல்ல.

ரெண்டு. ஆனா கோர்ட்டும் கண்ணை மூடிக்கிட்டு எல்லாரையும் உள்ள தள்ள முடியாது. 1964-ல மசால்டி வழக்குல சுப்ரீம் கோர்ட், நிறைய பேர் குற்றவாளிக் கூண்டுல நிக்கிற கலவர வழக்குல ஒவ்வொருத்தர் விஷயத்துலயும் ஒரே ஒரு சாட்சியை நம்பாம, ரெண்டு மூணு பேர் ஒத்துச் சொல்றாங்களான்னு பார்க்கிறது விவேகம்னு சொல்லுச்சு. ட்ரெசிலியன் ஊர்ல இல்லாத வசதி இது.

மூணு. எஃப்.ஐ.ஆர்.ஐ ரகசியமா வச்சுக்க முடியாது. பாலியல் குற்றம், தீவிரவாதம் மாதிரி சில வழக்குகள் தவிர மத்ததை 24 மணி நேரத்துக்குள்ள இணையத்துல ஏத்தணும்னு 2016-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு. பேர் இருக்கா, அப்பா பேர் சரியா, முகவரி சரியான்னு பாருங்க.

நாலு. பாஸ்போர்ட் சட்டம் மறுப்புக்குக் காரணமா சொல்றது, கிரிமினல் கோர்ட்ல நிலுவையில இருக்கிற வழக்கை. எஃப்.ஐ.ஆர். பதிவானதும், கோர்ட் அந்த வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கிட்டதும் ஒண்ணு இல்ல. வழக்கு கோர்ட்ல இருந்தாலும், அந்தக் கோர்ட்டே அனுமதி கொடுத்தா பாஸ்போர்ட் வாங்க வழி இருக்கு. "கேஸ் இருக்கு, போ"ன்னு சொன்னதும் திரும்பி வந்துடாதீங்க. எந்த ஸ்டேஷன், எந்த நம்பர், கோர்ட்ல எந்த நிலைன்னு எழுத்துல கேளுங்க.

அப்புறம் அந்த 124ஏ? 2022 மே 11-ல சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வச்சது. புது சட்டத்துல அந்த நம்பர் இல்ல. 152-ன்னு வேற வார்த்தைகளோட ஒரு பிரிவு இருக்கு. பேர் மாறினாலும் சிலபஸ் மாறுச்சான்னு சட்டம் படிக்கிற நண்பர்கள் எழுதுங்களேன், நான் சிவில் இன்ஜினீயரிங்ப்பா!

கடைசியா ஒரு வேலை தர்றேன். உங்க ஊர்லயும் ஒரு 1908 இருந்திருக்கும், ஒரு 1942 இருந்திருக்கும். கூலிப் போராட்டமோ, தண்ணிப் போராட்டமோ. தலைவர் பேர் கல்வெட்டுல இருக்கும். அந்த 'மற்றும் பலர்' யாருன்னு உங்க தாத்தாவுக்கோ ஆச்சிக்கோ தெரிஞ்சிருக்கும். லீவு முடியுறதுக்குள்ள ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்க. நோட்டுல ஒரு பேரையாவது எழுதி வைங்க. எங்க பெரியப்பா சொன்னதுல இதுவரைக்கும் பதினொரு பேர் எழுதிட்டேன். அதுல நாலு அந்தோணி.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்கா!